சுருக்கமும் தெளிவும்: கிரேஸ் ஹாப்பர் அம்மையார் வாழ்க்கை

முன்னுரை

விருதுநகர் என்றவுடன் வணிகம் நம் நினைவுக்கு வரும். சிவகாசி என்றவுடன் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சுத் தொழிலும் நினைவுக்கு வரும். இவ்வட்டாரத்தில் பிறந்த நமக்குக் கணக்கு என்பது பள்ளிக்கூடத்தில் மட்டும் கற்ற பாடம் அன்று. வீட்டிலும் கடையிலும் கண்டும் கேட்டும் பழகிய ஒன்று. என் தாய்வழிப் பாட்டனார் பருப்பு மண்டி ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அவர் எழுதிய பழைய பேரேடுகளில் வரவு என்பதற்கு ௷ என்றும், பற்று என்பதற்கு ௶ என்றும், மேற்படி என்பதற்கு ௸ என்றும், ரூபாய் என்பதற்கு ௹ என்றும் குறிகள் இருக்கும். நீளமாக எழுத வேண்டிய சொல்லை ஒரே இழுப்பில் எழுதி முடிக்க நம் முன்னோர் கண்ட வழி இது. இக்குறிகள் 2003ஆம் ஆண்டு முதல் கணிப்பொறிக்குரிய ஒருங்குறியிலும் இடம் பெற்றுள்ளன.

இக்குறிகளைப் பற்றி நான் எண்ணிப் பார்த்ததுண்டு. அவை சுருக்கமானவை, அதே வேளையில் தெளிவானவை. மண்டி முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் சரக்கு கொண்டுவந்த வியாபாரிக்கும் அவற்றின் பொருள் ஒன்றுதான். வரவைப் பற்றாக எவரும் படிக்க முடியாது. சுருக்கெழுத்து நல்லதா கெட்டதா என்று கேட்டால் விடை கிடைக்காது. அதைப் படிப்பவர் யார், பிழை நேர்ந்தால் பொருளை இழப்பவர் யார் என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். இந்தக் கேள்வியைக் கணிப்பொறி உலகில் விடாப்பிடியாகக் கேட்டவர் ஒரு பெண்மணி. கணித ஆசிரியையாகவும் கடற்படை அதிகாரியாகவும் விளங்கிய கிரேஸ் ஹாப்பர் அம்மையாரே அவர். அவருடைய வாழ்க்கையை நம் கல்லூரித் தோழர்களுக்கும் தோழியர்க்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் கல்வியும்

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கிரேஸ் ப்ரூஸ்டர் மரே. தந்தையார் காப்பீட்டுத் தொழில் செய்தவர். மூன்று குழந்தைகளில் அம்மையாரே மூத்தவர். அவருக்கு ஏழு வயதானபோது, எழுப்பும் மணி அடிக்கும் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று அறிய ஆசைப்பட்டு ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை. பூட்டும் முறையைப் பார்ப்பதற்காக இன்னொன்றைக் கழற்றினார். இவ்வாறு வீட்டிலிருந்த ஏழு கடிகாரங்களும் கழன்றன. அதன்பின் தாயார் அவருக்கு ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் ஒதுக்கிக் கொடுத்தார் என்பர்.

தந்தையார் நோயினால் இரு கால்களையும் இழந்தவர். தமக்குப் பின் பிள்ளைகள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ வேண்டும் என்று எண்ணிய அவர், மகனுக்குக் கிடைக்கும் கல்வி மகள்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பதினாறாம் வயதில் வாசர் கல்லூரிக்கு அம்மையார் விண்ணப்பித்தபோது இலத்தீன் மொழித் தேர்வில் மதிப்பெண் குறைந்து இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மீண்டும் முயன்று சேர்ந்தார். 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். யேல் பல்கலைக்கழகத்தில் 1930இல் முதுகலைப் பட்டமும் 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். 1930இல் வின்சென்ட் ஹாப்பர் என்பவரை மணந்தார். 1945இல் அம்மணவாழ்வு முறிந்தது. ஆயினும் ஹாப்பர் என்னும் பெயர் நிலைத்துவிட்டது. 1931 முதல் தாம் படித்த வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார்.

கடற்படையில் சேர்தல்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. அம்மையாரின் கொள்ளுப்பாட்டனார் கடற்படையில் உயர் பதவி வகித்தவர். தாமும் கடற்படையில் சேர வேண்டும் என்று அம்மையார் விரும்பினார். வயதோ முப்பத்தைந்தைக் கடந்துவிட்டது; உடல் எடையோ விதித்த அளவுக்குக் குறைவு. சிறப்பு அனுமதி பெற்று 1943ஆம் ஆண்டு இறுதியில் சேர்ந்தார். பயிற்சியில் முதல் மாணவியாகத் தேறி, 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு எய்க்கன் என்பவரின் தலைமையில் இயங்கிய கணிப்புக் கூடத்துக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே இருந்தது மார்க் 1 என்னும் கணிப்பொறி. அதன் நீளம் 51 அடி, உயரம் 8 அடி. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் கொண்டது. நொடிக்கு மூன்று கூட்டல்கள் செய்யும்; ஒரு பெருக்கலுக்குச் சில நொடிகள் ஆகும். இன்று நம் சட்டைப்பையிலுள்ள தொலைபேசி செய்வதோடு ஒப்பிட்டால் நகைப்பு வரலாம். அன்று அது பெரிய அதிசயம். அதற்குக் கட்டளைகளைக் காகித நாடாவில் துளைகளாக இட்டுத் தர வேண்டும். ஒரு துளை மாறினாலும் விடை மாறிவிடும். இப்பொறியை இயக்கும் முறையை விளக்கி ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடு ஒன்றை அம்மையார் முன்னின்று எழுதினார். அது 1946இல் வெளிவந்தது.

அடுத்து வந்த மார்க் 2 பொறியில் 1947ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. பணியாளர்கள் அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தனர். பொறிக்குள் நேரும் பிழையைப் பூச்சி என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே பொறியாளரிடையே இருந்தது. அம்மையார் இக்கதையைப் பல மேடைகளில் சொல்லிப் பரப்பியதால், அவரே பூச்சியைக் கண்டுபிடித்தார் என்று பலர் தவறாக எண்ணுகின்றனர்.

கணக்கில் வந்த குழப்பம்

1949இல் அம்மையார் பிலடெல்பியா நகரில் எக்கர்ட், மாக்லி ஆகிய இருவர் தொடங்கியிருந்த கணிப்பொறி நிறுவனத்தில் சேர்ந்தார். அந்நிறுவனம் 1950இல் ரெமிங்டன் ராண்டு என்னும் பெரிய நிறுவனத்தோடு இணைந்தது. யூனிவாக் என்னும் வணிகக் கணிப்பொறியை உருவாக்கியது இந்நிறுவனமே.

அங்கிருந்த பினாக் என்னும் பொறிக்கு எட்டின் அடிப்படையிலான எண்முறையில் கட்டளை எழுத வேண்டும். அம்முறையில் 8, 9 என்னும் இலக்கங்களே இல்லை; ஏழுக்கு அடுத்து பத்து என்று எழுதுவர். அம்மையார் அம்முறையில் அவ்வளவு தேர்ச்சி பெற்றுவிட்டார். ஆனால் அவருடைய வங்கிக் கணக்கு மாதாமாதம் நேராகவில்லை. வங்கியில் பணியாற்றிய தம்பி கணக்கைப் பார்த்துவிட்டு, அக்கா சில இடங்களில் எட்டின் முறையில் கழித்திருக்கிறார் என்று கண்டுபிடித்தார். கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவருக்கே இந்நிலை என்றால், கடைக் கணக்கு எழுதுபவர் பொறியின் முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்று கேட்பது முறையாகுமா? மனிதன் பொறிக்கு ஏற்ப வளைவதை விட, பொறியை மனிதனுக்கு ஏற்ப வளைப்பதே சரி என்னும் எண்ணம் அவரிடம் உறுதிப்பட்டது.

இன்னொரு தொல்லையும் இருந்தது. அடிக்கடி தேவைப்படும் கணிப்புகளுக்குரிய கட்டளைகளை ஒவ்வொருவரும் தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தனர். ஒருவர் மற்றவரிடமிருந்து பார்த்து எழுதும்போது பிழை புகுந்தது. ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தை அவசரமாக எழுதினால் 13 என்று தெரியும். வெற்றிடத்தைக் காட்ட இட்ட முக்கோணக் குறி 4 என்று தெரியும். படித்தவர்கள், திறமைசாலிகள், அக்கறையோடு வேலை செய்தவர்கள் இவர்கள். பிழை அவர்களிடம் இல்லை. ஒன்றை மற்றொன்றாகப் படிக்க இடந்தரும் குறியில் இருந்தது.

இத்தொல்லைக்கு முடிவு காண அம்மையார் 1952இல் ஏ-0 என்னும் ஏற்பாட்டை உருவாக்கினார். ஒவ்வொரு கணிப்புக்கும் ஓர் அழைப்பெண் கொடுத்து நாடாவில் சேமித்தார். எழுதுபவர் அழைப்பெண்ணை மட்டும் குறித்தால் போதும். பொறியே உரிய கட்டளைகளைத் தேடி எடுத்து, முறையாக இணைத்து, முழு நிரலையும் ஆக்கித் தரும். இன்றைய நோக்கில் அது முழுமையான தொகுப்பான் அன்று. ஆயினும் நிரலை எழுதும் வேலையில் ஒரு பங்கைப் பொறியிடமே ஒப்படைக்கலாம் என்பதை அது மெய்ப்பித்தது. கணிப்பொறி கணக்குத்தான் போடும், நிரல் எழுதாது என்று அக்காலத்தில் பலர் அவரை நம்ப மறுத்தனர்.

இருவகை மக்கள், இருவகை மொழி

அம்மையாரின் நுண்ணறிவு வெளிப்பட்டது இதற்குப் பின்னர்தான். கணிப்பொறியை நாடி வருவோர் இருவகையினர் என்று அவர் கண்டார். பொறியாளரும் கணித அறிஞரும் குறிகளில் சிந்திப்பவர்கள். அவர்களுக்குக் குறியீடே தாய்மொழி போன்றது. வணிகரும் அலுவலகத்தாரும் சொற்களில் சிந்திப்பவர்கள். சரக்கு, விலை, இருப்பு, சம்பளம் என்பவையே அவர்களுக்குப் பழக்கம். ஒரே சுருக்கெழுத்தை இருவர் மீதும் திணிப்பது பொருந்தாது. எனவே அவருடைய குழுவினர் முதல் வகையினருக்கு மேத்மேட்டிக் என்னும் மொழியையும், இரண்டாம் வகையினருக்குப் புளோமேட்டிக் என்னும் மொழியையும் அமைத்தனர்.

புளோமேட்டிக் மொழியில் கட்டளைகள் சாதாரண ஆங்கிலச் சொற்களால் ஆனவை. அதை விளக்கக் காட்டிய எடுத்துக்காட்டு நம் மண்டிக்காரர்களுக்கு நன்கு விளங்கும். ஓர் ஏட்டில் சரக்கு இருப்பு இருக்கிறது. மற்றோர் ஏட்டில் விலை இருக்கிறது. இரண்டிலும் பொருளின் எண்ணை ஒப்பிட்டு, எண் ஒத்தால் இருப்பை விலையால் பெருக்கி, மதிப்பிட்ட பட்டியலைத் தர வேண்டும். இவ்வேலையை ஒப்பிடு, பெருக்கு, எழுது என்னும் வகையான சொற்களாலேயே எழுதிவிடலாம். நிரல் எழுதத் தெரியாத மேலாளரும் அதைப் படித்து, தம் கணக்கு முறை அதில் சரியாக இருக்கிறதா என்று பார்க்கலாம்.

1955ஆம் ஆண்டு தொடக்கத்தில் இத்திட்டத்தை நிறுவன மேலிடத்தில் வைத்தபோது, ஆங்கிலச் சொற்கள் பொறிக்கு ஒரு குறியைப் போலத்தான் என்பதைக் காட்ட, அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களாலும் செருமானியச் சொற்களாலும் எழுதிக் காட்டினார். பொறி மூன்றையும் ஒன்றுபோல ஏற்றது. மேலிடத்தாரோ மிரண்டு போயினர். அமெரிக்காவில் செய்த பொறி பிரெஞ்சும் செருமானியமும் எப்படி அறியும் என்று ஐயுற்றனர். அதன்பின் ஆங்கிலத்தில் மட்டுமே செய்வோம் என்று சொல்லி அவர்களை அமைதிப்படுத்த வேண்டியதாயிற்று. 1958இல் அம்மொழி வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது.

இந்நிகழ்ச்சி தமிழ்வழியில் பயின்று கல்லூரிக்கு வரும் நமக்கு மிகவும் இன்றியமையாதது. கட்டளைச் சொல் எந்த மொழியில் இருந்தாலும் பொறிக்கு ஒன்றே. வேறுபாடு படிக்கும் மனிதனுக்குத்தான். இன்று எழில் என்னும் பெயரில் தமிழ்ச் சொற்களால் நிரல் எழுதும் மொழி ஒன்று இருக்கிறது. அதன் அடிப்படை உண்மையை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அம்மையார் செய்து காட்டிவிட்டார்.

கோபால் பிறந்த கதை

அக்காலத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் பொறிக்கும் தனித்தனி மொழி. ஒரு பொறியை விட்டு வேறொன்றை வாங்கினால் எல்லாக் கணக்கையும் மீண்டும் எழுத வேண்டும். வணிகத்துக்கு ஒரு பொது மொழி வேண்டும் என்று மேரி ஹாவ்ஸ் என்னும் அம்மையார் 1959இல் குரல் கொடுத்தார். ஏப்ரல் மாதத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் சிலர் கூடினர். அவர்களுள் ஹாப்பர் அம்மையாரும் ஒருவர். மே மாதத்தில் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் பெரிய கூட்டம் நடந்தது. ஆண்டு முடிவதற்குள் கோபால் என்னும் மொழியின் வரைவு உருவாயிற்று. 1960 டிசம்பரில் ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில் ஓடிக் காட்டியது.

கோபாலின் அன்னை என்று ஹாப்பர் அம்மையாரைப் பலர் அழைப்பர். மொழியை வரைந்த குழுவில் அவர் நேரடியாக அமரவில்லை, ஆலோசகராகவே இருந்தார். ஜீன் சாமெட் முதலிய பலர் இராப்பகலாக உழைத்து அதை வரைந்தனர். ஆயினும் அதன் அடித்தளம் புளோமேட்டிக் என்பதில் ஐயமில்லை.

குழுவினரிடையே ஒரு கடும் விவாதம் எழுந்தது. கூட்டு, கழி, பெருக்கு, வகு என்று எல்லாவற்றையும் சொல்லாலேயே எழுத வேண்டும் என்றனர் ஒரு சாரார். வாய்பாடு எழுதவும் வழி வேண்டும் என்றனர் மறுசாரார். இறுதியில் இரண்டுக்கும் இடம் கொடுத்தனர். சொல்லாலும் எழுதலாம்; கணக்கிடு என்னும் ஒரு சொல்லை முன்னே இட்டு வாய்பாடாகவும் எழுதலாம். பெரியது என்னும் சொல்லுக்குப் பதில் > என்னும் குறியும் இடலாம். பொருள்களுக்கு முப்பது எழுத்து வரை பெயர் வைக்கலாம். ஆகவே கோபால் சுருக்கத்தை ஒதுக்கவில்லை. பொருள் மாறாத சுருக்கத்தை ஏற்றுக்கொண்டது.

தெளிவிலிருந்து வழுவிய சுருக்கம்

எனினும் கோபாலிலும் ஒரு பொறி இருந்தது; இங்கே நான் பொறி என்பது எலிப்பொறியை. ஒரே பொருளைப் பலவற்றோடு ஒப்பிடும்போது அதன் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் விடலாம் என்று அதில் ஒரு சலுகை உண்டு. பேரேட்டில் மேற்படி என்று இடுவதைப் போன்றது அது. விலை 100 அல்லது 120 ஆனால் என்று எழுதினால் சிக்கல் இல்லை. விலை 100 அல்லது 120 அல்லாவிட்டால் என்று எழுதும்போதுதான் வினை. நாம் கருதுவது, விலை அந்த இரண்டும் அல்லாதபோது என்பது. பொறியோ அதை விலை 100 அன்று, அல்லது விலை 120 அன்று என விரித்துக்கொள்ளும். விலை 100 ஆனால் அது 120 அன்று; எனவே நிபந்தனை நிறைவேறிவிடும். விலை 120 ஆனால் அது 100 அன்று, அப்போதும் நிறைவேறிவிடும். எந்த விலையானாலும் நிறைவேறும் நிபந்தனை, நிபந்தனையே அன்று. நான்கு சொற்களைச் சேமிக்கப் போய்க் காவலையே இழக்கிறோம்.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. இன்று நம் ஊர்களில் பங்குச் சந்தையில் ஈடுபடும் இளைஞர் பலர், எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்னும் விதிகளைக் கணிப்பொறியில் சிறு நிரல்களாக எழுதுகின்றனர். அமிபுரோக்கர் என்னும் மென்பொருளின் மொழியில் தொடக்க விலை, உச்ச விலை, தாழ்ந்த விலை, முடிவு விலை, வணிக அளவு ஆகிய ஐந்துக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை மட்டும் எழுதினால் போதும். சந்தையில் பழகியவர் எவருக்கும் அவ்வெழுத்துகள் குழப்பம் தரா. இது நல்ல சுருக்கம். அதே மொழியில் = என்று ஒரு முறை இட்டால் மதிப்பைக் கொடு என்று பொருள்; == என்று இரு முறை இட்டால் சமமா என்று ஒப்பிடு என்று பொருள். ஒப்பிட வேண்டிய இடத்தில் ஒரு கோடிணை விட்டுப்போனால், விதி நாம் எண்ணியதைச் செய்யாது. பார்வைக்கோ எல்லாம் சரியாகவே தோன்றும். இது கவனம் வேண்டும் சுருக்கம்.

பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் முன்பேர வணிகத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிமனிதருள் நூற்றுக்கு 93 பேர் நட்டம் அடைந்ததாகக் கூறியுள்ளது. தலைக்குச் சராசரி நட்டம் ஏறத்தாழ 2 இலட்சம் ரூபாய். இவ்வளவு நட்டத்துக்கும் நிரலின் குறி காரணம் என்று நான் கூற வரவில்லை. சந்தையின் இயல்பே அத்தகையது. ஆனால் அவ்வளவு ஆபத்தான களத்தில், பிறர் எழுதிய விதியைத் தாம் படித்துப் புரிந்துகொள்ளாமலே பணத்தை ஒப்படைப்பது எத்தகைய துணிவு! 2025 பிப்ரவரியில் செபி வெளியிட்ட சுற்றறிக்கை, தானியங்கி வணிக நிரல்களை இரண்டாகப் பிரித்தது. உள்ளே இருக்கும் விதி பயன்படுத்துவோருக்குத் தெரிவது ஒருவகை. தெரியாதது மற்றொரு வகை. பணம் போடுபவர் படிக்க முடிய வேண்டும் என்னும் அம்மையாரின் கவலையும் ஏறத்தாழ இதுவே அன்றோ?

பட்டாசுத் தொழிலிலும் இதைக் காணலாம். வெடியுப்பு எனப்படுவது பொட்டாசியம் நைட்ரேட். பொட்டாசியம் குளோரேட் என்பது வேறு. குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் சிறு உராய்விலும் தீப்பற்றும். அக்கலவையை மத்திய அரசு 1992இல் தடை செய்தது. இரண்டு உப்புகளுக்கும் முதற்சொல் ஒன்றே. முதற்சொல்லை மட்டும் எழுதி நிறுத்தும் சுருக்கம் எவ்வளவு பேராபத்தாக முடியும் என்பதை இவ்வட்டாரத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. வேதியியலார் வைத்த வாய்பாடும் சுருக்கமே. ஆனால் அதில் இவ்விரண்டும் வெவ்வேறாகவே தெரியும். சுருக்கினாலும் வேறுபாடு அழியாதிருப்பதே நல்ல குறிக்கு இலக்கணம்.

கணிப்பொறி உலகமே பட்ட பாடு ஒன்றும் உண்டு. இடத்தை மிச்சம் பிடிக்க, ஆண்டைக் கடைசி இரண்டு இலக்கங்களால் மட்டும் குறிக்கும் வழக்கம் பல பழைய நிரல்களில், கோபால் நிரல்களிலும், இருந்தது. 80 கட்டங்கள் மட்டுமே கொண்ட துளையட்டையின் காலத்தில் அது சிக்கனம். 2000ஆம் ஆண்டு நெருங்கியபோது 00 என்பது 1900ஆ, 2000ஆ என்று பொறிக்குத் தெரியாது என்பதால், உலகெங்கும் பழைய நிரல்களைத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. அவ்வேலையில் நம் நாட்டு நிரலாளர் பல்லாயிரவர் ஈடுபட்டதை ஆசிரியப் பெருமக்கள் அறிவர்.

மறுசாராரின் வாதம்

அம்மையாரின் வழியை எல்லோரும் ஒப்பவில்லை என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். கோபால் நிரல் நீண்டு வளரும். இரண்டு வரியில் முடிவதை இருபது வரியில் சொல்லும் என்று அறிஞர் பலர் குறை கூறினர். அதற்கு நேர்மாறாகக் கென்னத் ஐவர்சன் என்பவர் 1962இல் வெளியிட்ட நூலில் ஒரு முழுக் கணிப்பையே சில குறிகளில் அடக்கும் முறையைக் காட்டினார். அம்முறையில் தேர்ந்தவர்களுக்கு அது தெளிவானது, அழகானது. அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் இதுவே அம்மையாரின் கருத்துக்கு வலுவூட்டுகிறது என்பது என் எண்ணம். கணித அறிஞருக்குக் குறி வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. அவருக்கென்று தனி மொழியே அமைத்தார். சம்பளப் பட்டியலைச் சரிபார்க்கும் அலுவலருக்கும் அதே குறிகளைக் கொடுப்பதைத்தான் அவர் எதிர்த்தார். சொல் மிகுந்தால் கை வலிக்கும். பொருள் குறைந்தால் பை வலிக்கும். எழுதுபவர் ஒருமுறை எழுதுகிறார். படிப்பவரும் திருத்துபவரும் பல ஆண்டுகள் படிக்கின்றனர். 2020 ஏப்ரலில் கொரோனாக் காலத்தில் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில ஆளுநர், கோபால் அறிந்தவர்கள் உதவிக்கு வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். அத்தனை ஆண்டுகள் கடந்தும் அந்நிரல்கள் இயங்கிக்கொண்டிருந்தன. படிக்கத் தெரிந்த ஆட்கள்தாம் குறைந்துவிட்டனர்.

முதுமையிலும் ஓயாத தொண்டு

1966ஆம் ஆண்டு இறுதியில் வயது காரணமாகக் கடற்படையிலிருந்து அம்மையார் ஓய்வு பெற்றார். அது அவருக்கு மிகுந்த துயரம் தந்தது. ஏழு மாதங்களில், 1967 ஆகஸ்டில், கடற்படையே அவரைத் திரும்ப அழைத்தது. பல இடங்களில் பலவாறு திரிந்துபோயிருந்த கோபால் மொழியை ஒரே தரத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது பணி. ஆறு மாதத்துக்கு என்று அழைத்தது ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீண்டது. 1969இல் கணிப்பொறித் துறையினரின் அமைப்பு ஒன்று முதன்முதலாக ஆண்டின் சிறந்த ஆண்மகன் என்னும் பொருள்படும் விருதை ஏற்படுத்தியபோது, அதைப் பெற்றவர் இந்த அம்மையார்தாம்! 1973இல் கேப்டன், 1983இல் கமடோர், 1985இல் ரியர் அட்மிரல் என உயர்ந்தார். 1986 ஆகஸ்டு 14ஆம் நாள், தம் 79ஆம் வயதில் ஓய்வு பெற்றபோது, பணியிலிருந்த கடற்படை அதிகாரிகளுள் அவரே மூத்தவர்.

மேடைகளில் பேசும்போது அவர் ஒரு துண்டுக் கம்பியைக் காட்டுவார். அதன் நீளம் 11.8 அங்குலம். நொடியின் நூறுகோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்குறி செல்லக்கூடிய மிகுதியான தொலைவு அது. நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 300 மீட்டர் நீளக் கம்பிச் சுருளையும் தூக்கிக் காட்டுவார். கண்ணுக்குத் தெரியாத நேரத்தைக் கையில் பிடித்துப் பார்க்கும் பொருளாக்கித் தந்தார். அவருடைய அறையில் இருந்த கடிகாரத்தின் முள் எதிர்ப்பக்கமாகச் சுற்றும். முன்பு இப்படித்தான் செய்தோம் என்பதற்காக எதையும் தொடரக்கூடாது என்பதை நினைவூட்டவே அதை வைத்திருந்தார்.

ஓய்வுக்குப் பின்னும் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராக இருந்தார். 1991இல் அமெரிக்க அரசின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் பெற்றார். 1992ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார். ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் படை மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டார். அவர் பெயரால் போர்க்கப்பல் ஒன்று கடலில் உலவுகிறது. 2016இல் அந்நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

முடிவுரை

பதவிகளையும் பதக்கங்களையும் விட, தாம் பயிற்றுவித்த இளைஞர்களையே அம்மையார் தம் பெரும் சாதனையாகக் கருதினார். அந்த வகையில் நாமும் அவருடைய மாணவர்களே. நம் கல்லூரியில் கணிப்பொறிக் கூடத்துக்குள் முதன்முதலாக நுழையும் தமிழ்வழி மாணவர்கள் திரையிலுள்ள குறிகளைக் கண்டு தயங்குவதை நான் பார்க்கிறேன். விளங்காத குறியை விளங்கியது போல் தலையாட்டி ஏற்பது பணிவு அன்று. இது என்ன என்று கேட்பதற்கு முழு உரிமை நமக்கு உண்டு. அவ்வாறு கேட்பவருக்கு விளங்கும்படி எழுதுவது எழுதுபவரின் கடமை.

நாளை நம்மில் சிலர் அலுவலகங்களில் நிரல் எழுதுவோம். சிலர் கடைக்கணக்கை மென்பொருளில் ஏற்றுவோம். சிலர் சந்தை விதிகளை எழுதுவோம். சுருக்கமாகவே எழுதுவோம், தவறில்லை. எழுதி முடித்தபின், யாருடைய பணம் அதில் இருக்கிறதோ அவரை அழைத்து அருகே அமர்த்தி, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுவோம். அவர் எந்த வரியில் புருவம் நெரிக்கிறாரோ, அந்த வரியை மட்டும் கொஞ்சம் நீட்டி எழுதுவோம். ஹாப்பர் அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவாகவே இருக்கட்டும்.

(மூன்றாம் ஆண்டு, இளம் அறிவியல், கணிப்பொறி அறிவியல்)